பாதிக்கோட்டைத் தாண்டுவது பாதி வேலைதான்

1995 ஏப்ரல் 3. சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர், டைஸ் எட்னி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் முன்பு ஒக்லஹோமா ஸ்டேட் அணியுடன் ஆடிய அரையிறுதியில் அவருடைய வலது மணிக்கட்டில் அடிபட்டிருந்தது. அந்தக் கையை நம்பிப் பந்தைத் தட்ட முடியவில்லை.

இந்த எட்னி சாதாரண ஆள் இல்லை. அதே போட்டித் தொடரில் மிசௌரி அணியிடம் ஒரு புள்ளி பின்தங்கி, 4.8 விநாடி மட்டும் மிச்சமிருந்தபோது, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் போய் எடுக்கும் ஷாட்) போட்டு 75-74 என்று ஜெயிக்க வைத்தவர். உயரம் 5 அடி 10 அங்குலம். அணியில் பந்தைக் கொண்டுபோகும் பொறுப்பு முழுக்க அவருடையது.

எதிரே நின்றதோ ஆர்கன்சா. முந்தைய ஆண்டு டியூக்கை 76-72 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கிய அணி. பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன். அவருடைய ஆட்டமுறைக்கு 'நாற்பது நிமிட நரகம்' என்று பெயர். கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் முழு மைதானத்திலும் எதிராளியை நெருக்கிக்கொண்டே இருப்பார்கள். ஃபுல் கோர்ட் பிரஸ் என்றாலே அந்தக் காலத்தில் அவர்கள் ஞாபகம்தான் வரும்.

பிரஸ் போடும் அணிக்கு எதிராக, பந்தைக் கொண்டுபோகிறவர் இல்லாத அணி. பார்த்துக்கொண்டிருந்த யாரும் யுசிஎல்ஏ பக்கம் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் யுசிஎல்ஏ 89-78 என்று ஜெயித்தது. எட்னிக்குப் பதிலாக வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் கேமரன் டாலரின் தைரியத்தை எல்லோரும் பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டுதான். ஆனால் டாலரின் தைரியத்தை மட்டும் வைத்து அந்த வெற்றியை விளக்க முடியாது என்பது என் எண்ணம். பிரஸ்ஸைத் தாண்டுவது ஒரு திறமை, எந்த ஷாட் எடுப்பது என்று தீர்மானிப்பது வேறொரு திறமை என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. பாதிக்கோட்டை, அதாவது மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிய அடுத்த மூன்று நான்கு விநாடியில் என்ன ஷாட் எடுக்கிறீர்கள் என்பதில்தான் பிரஸ் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதே இருக்கிறது.

சரி, முதலில் பிரஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு அணி கூடையில் பந்தைப் போட்டதும், எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே வீச வேண்டும். அதற்கு 5 விநாடி. உள்ளே வந்த பந்தைப் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக அமெரிக்கக் கல்லூரி விதிப்படி 10 விநாடி. நம் ஊரில் நாம் ஆடும் சர்வதேச விதியில் இது 8 விநாடி. (பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் இந்த 10 விநாடி விதி 2013-14 பருவத்தில்தான் வந்தது. அதுவரை பந்தைப் பின்பக்கத்தில் வைத்திருக்கத் தனி நேர வரம்பு கிடையாது.) பெரும்பாலான அணிகள் எதிராளி பாதிக்கோட்டைத் தாண்டும் வரை கண்டுகொள்ளாமல் தன் பக்கம் திரும்பிப் போய் நிற்கும். பிரஸ் போடும் அணி அங்கேயே, பந்து உள்ளே வரும் இடத்திலேயே, பிடித்துக்கொள்ளும். மைதானத்தின் நீளம் 94 அடி. அத்தனை அடிக்கும் சண்டை.

கல்லூரி ஆட்டத்தில் இதைப் பெரிய ஆயுதமாக்கிக் காட்டியதும் யுசிஎல்ஏதான். 1964-ல் பயிற்சியாளர் ஜான் வுடனின் அணியில் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் இல்லை. உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன் வற்புறுத்தி, 2-2-1 என்ற ஸோன் பிரஸ்ஸை (ஆளுக்கு ஆள் ஒட்டாமல், ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் பிரஸ்) கொண்டுவந்தார்கள். முன்னால் கெயில் குட்ரிச்சும் ஃப்ரெட் ஸ்லாட்டரும், நடுவில் வால்ட் ஹசார்டும் ஜாக் ஹர்ஷும், கடைசியில் தனியாகக் கீத் எரிக்சன். எரிக்சன் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வாலிபால் ஆடியவர். வலைக்கு மேல் வரும் பந்தை முன்கூட்டியே கணித்து எகிறுகிற அந்தக் கண்ணும் காலும், நீளமாக வீசப்படும் பாஸைப் பறிக்க அவருக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இந்த 2-2-1-ல் முதல் பாஸைத் தடுக்கவே மாட்டார்கள். உள்ளே வரட்டும் என்று விடுவார்கள். வாங்கியவரைப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே இரண்டு பேர் சேர்ந்து மூடுவார்கள். இதற்கு டிராப் என்று பெயர். பக்கவாட்டுக் கோடு மூன்றாவது தடுப்பாளர் மாதிரி, அதைத் தாண்டி எங்கும் போக முடியாது. பாதிக்கோட்டைத் தாண்டிய உடனே வரும் மூலை இன்னும் மோசம். அங்கே பக்கவாட்டிலும் கோடு, பின்னாலும் கோடு. திரும்பிப் போனால் பந்து எதிராளிக்கு.

அந்த ஆண்டு இறுதி ஆட்டம் கான்சஸ் சிட்டியில், டியூக்குடன். டியூக்கில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். முதல் பாதியில் மூன்று நிமிடம்கூட ஆகாத ஒரு இடைவெளியில் யுசிஎல்ஏ தொடர்ந்து 16 புள்ளி எடுத்தது, டியூக் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். கடைசியில் 98-83. குட்ரிச் 27, வெளியிலிருந்து வந்த கென்னி வாஷிங்டன் 26. பருவம் முழுவதும் 30 ஆட்டம், 30 வெற்றி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வுடனுக்குப் பந்தைப் பறிப்பது மட்டும் நோக்கமில்லை. அப்போது கல்லூரி ஆட்டத்தில், ஷாட் எடுக்க நேர வரம்பு வைக்கும் ஷாட் கிளாக்கே கிடையாது. உயரமான அணி நிதானமாகப் பந்தை வைத்துக்கொண்டு, தனக்குச் சாதகமான ஷாட் வரும் வரை காத்திருக்கலாம். உயரம் குறைந்த அணியை அப்படியே மெதுவாகக் கொன்றுவிடலாம். பிரஸ் அந்தக் காத்திருப்பைக் கெடுக்கிறது. நெருக்கடியிலிருந்து தப்பித்துப் பாதிக்கோட்டைத் தாண்டிய வீரருக்குத் திடீரென்று முன்னால் வெட்டவெளி தெரியும். அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவில், இன்னும் யாரும் சரியான இடத்துக்கு வந்து சேராத நேரத்தில், 15 அடியிலிருந்து ஒரு ஷாட்டை எறிவார். அதுதான் பிரஸ் விரித்த உண்மையான வலை. பந்தைப் பறிகொடுத்தால் எல்லோருக்கும் தெரியும். அவசர ஷாட்டை யாரும் தவறாக எழுதிவைப்பதில்லை, ஷாட் எடுத்தார், விழவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிந்துகொள்வதற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த அணியுடையவையும் அல்ல. நடுத்தூரத்திலிருந்து எடுக்கும் இரண்டு புள்ளி ஷாட் பத்தில் நான்கு விழுகிறது என்றால், ஒரு ஷாட்டுக்குச் சராசரி 0.8 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூற்றுக்கு 35 விழுந்தால் 1.05. வளையத்துக்குப் பக்கத்தில் பத்தில் ஆறு விழுந்தால் 1.2. ஆளில்லாத லே-அப், அல்லது எதிராளியின் விதிமீறலால் ஃபவுல் வாங்கி இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி ஷாட்) என்றால் 1.4 வரைகூடப் போகும்.

இப்போது ஒரு அணிக்குப் பத்து முறை பந்து கிடைக்கிறது. பிரஸ் இல்லாவிட்டால் இரண்டு முறை பந்தை இழக்கும், மிச்சம் எட்டு முறையில் சராசரி ஒரு புள்ளி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 புள்ளி. பிரஸ் போட்டால் மூன்று முறை இழக்கிறது. மிச்சம் ஏழு. அந்த ஏழிலும் அவசரப்பட்டு நடுத்தூர ஷாட்டாகவே எடுத்தால் 5.6 புள்ளி. பிரஸ் போட்ட அணிக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே ஏழில், ஆள் குறைவாக இருக்கும் நான்கு முறை வளையம் வரை ஓடிப்போய் 1.4 வீதம் எடுத்து, மிச்சம் மூன்று முறை நிதானமாக வெளியே இழுத்துவந்து வழக்கமான ஆட்டம் ஆடி ஒரு புள்ளி வீதம் எடுத்தால், மொத்தம் 8.6. பிரஸ்ஸே இல்லாமல் எடுத்ததைவிட அதிகம்.

இரண்டிலும் பந்தை இழந்தது அதே மூன்று முறைதான். பந்தை இழந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு அணியும் பிரஸ்ஸை ஒரே மாதிரி சமாளித்த மாதிரி தெரியும். புள்ளிப் பலகையில் பத்து முறைக்கு மூன்று புள்ளி வித்தியாசம். ஒரு கல்லூரி ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஏறத்தாழ 70 முறை பந்து கிடைக்கும். அப்படியானால் 21 புள்ளி. ஆட்டத்தின் போக்கையே புரட்டிப்போட இது போதும்.

ஆகவே பிரஸ்ஸுக்கு எதிராக ஆடும் ஐந்து பேருக்கும் ஒரே விதி மனசில் இருக்க வேண்டும். பாதிக்கோட்டைத் தாண்டும்போது எண்ணு. நாம் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர் என்றால் வளையத்துக்குப் போ. இரண்டு பேர், ஒருவர் என்றாலும் போ. எண்ணிக்கை சமமாக இருந்தால் நிறுத்து, பந்தை வெளியே எடு, பின்னால் வருகிறவர்கள் வந்து சேரட்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பத்து விநாடி துரத்தப்பட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவரும்போது எண்ணுவது எளிதில்லை. ஒருவர் எண்ணி ஓட, இன்னொருவர் எண்ணாமல் நிற்க, பந்து நடுவில் போய்விடும். நல்ல பயிற்சியாளர்கள் பயிற்சியில் ஐந்து பேருக்கு எதிராக ஆறு ஏழு பேரைத் தடுப்பாளர்களாக நிறுத்துவது இதனால்தான். அதில் பழகியவருக்கு ஆட்டத்தில் ஐந்து பேர் நிற்கும்போது இடம் தாராளமாகத் தெரியும்.

இப்போது சியாட்டிலுக்குத் திரும்புவோம். டாலர் எட்னியைப் போல வேகக்காரர் இல்லை, புள்ளி குவிக்கிறவரும் இல்லை. எட்னியின் வேலையை அப்படியே செய்யப் பார்த்திருந்தால், அதாவது தனியாகத் தட்டிக்கொண்டே எல்லோரையும் தாண்டிப் போகப் பார்த்திருந்தால், ஆர்கன்சா அவரைக் கோட்டோரம் தள்ளி மூடியிருக்கும். பிரஸ் விரும்புவதே ஒருவர் தட்டிக்கொண்டு தனியாக வருவதைத்தான். பந்து தட்டப்படுவதைவிடப் பாஸ் வேகமாகப் போகும். அதனால் பிரஸ்ஸை உடைப்பதில் கால் வேகத்தைவிட நடுவில் யார் நிற்கிறார் என்பது முக்கியம். டிராப் வைக்க இரண்டு பேர் கோட்டோரம் போனால் நடுவில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் உயரமான ஒருவர் வந்து நின்று, தலைக்கு மேல் பந்தை வாங்கி, திரும்பிப் பார்த்து, சரியான முடிவு எடுக்கத் தெரிந்தவராக இருந்தால் பிரஸ் கிழிந்துவிடும்.

யுசிஎல்ஏவிடம் அப்படி ஒருவர் இல்லை, மூன்று பேர் இருந்தார்கள். அண்ணன் எட் ஓபானன் 6 அடி 8, தம்பி சார்ல்ஸ் ஓபானன் 6 அடி 6, முதலாண்டு மாணவர் ஜே.ஆர். ஹென்டர்சன் 6 அடி 9. மூவருக்கும் பந்தைத் தட்டவும் தெரியும், பார்த்துக் கொடுக்கவும் தெரியும். டாலர் செய்ய வேண்டியது முதல் பாஸைச் சரியாகக் கொடுப்பதும், திரும்பி வந்தால் பதறாமல் வாங்கிக்கொள்வதும். அதை அவர் அபாரமாகச் செய்தார். ஒரு பாயின்ட் கார்டு செய்த வேலையை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தப் பக்கம் போய் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எட் ஓபானன் 30 புள்ளி. முதலாண்டு மாணவர் டோபி பெய்லி 26. இருவரும் வளையத்தை நோக்கி ஓடுகிறவர்கள். பிரஸ்ஸைத் தாண்டிவிட்டோம், போதும் என்று நிம்மதியடைந்து தூரத்திலிருந்து எறிந்துவிடாமல், ஆர்கன்சாவின் பின்பக்கம் காலியாக இருக்கும்போதெல்லாம் அங்கே போய் விழுந்தார்கள். இப்படி ஒரு அணி திரும்பத் திரும்ப லே-அப் போட்டால் பிரஸ் போடுகிறவர்களுக்கே ஒரு தயக்கம் வரும். டிராப் வைக்க ஓடுகிறவர் அரை அடி பின்வாங்கி ஓடுவார். அந்த அரை அடியில் பாஸ் வெளியே வந்துவிடும்.

இதன் இன்னொரு பக்கத்தைப் பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரஸ் போடுகிற அணி எந்த ஷாட் எடுக்கிறது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். பிரஸ்ஸை ஒழுங்காக நிறுத்துவதற்கு நேரம் வேண்டும். பந்து கூடையில் விழுந்தால்தான் அந்த நேரம் கிடைக்கும். எதிராளி பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே போய், பார்த்து வீசுவதற்குள் ஐந்து பேரும் தத்தம் இடத்துக்கு வந்துவிடலாம். ஷாட் விழாமல் தெறித்த பந்தை, அதாவது ரீபவுண்டை, எதிராளி பிடித்துவிட்டால்? யாரும் இடத்தில் இல்லை. பிரஸ் போட வேண்டியவர்கள் அப்போது திரும்பித் தங்கள் கூடையைக் காக்க ஓட வேண்டும். மோசமான ஷாட் எடுக்கிற அணியால் பிரஸ் போட முடியாது. தூரத்திலிருந்து எறிந்து தவறினால் பந்து நீளமாகத் தெறிக்கும், எதிராளிக்கு ஓட்டத்தோடு கைக்குக் கிடைக்கும், அது இன்னும் மோசம்.

அன்று ஆர்கன்சாவின் முதன்மை வீரர் கார்லிஸ் வில்லியம்சன் 16 ஷாட் எடுத்து 3 மட்டும் போட்டார். அவரைப் பிடித்தது 7 அடி உயரச் செக் நாட்டுக்காரர் ஜார்ஜ் ஸீடெக். வில்லியம்சன் தவறவிட்ட 13 ஷாட்டும் ஆர்கன்சாவுக்குப் புள்ளி நஷ்டம் மட்டும் இல்லை. அவற்றில் எதிராளி கைக்குப் போன ஒவ்வொன்றும், வரிசைப்படி நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு பிரஸ் நிறுத்தப்படாமல் போனதும்தான். எட் ஓபானன் மட்டும் அன்று 17 ரீபவுண்ட் எடுத்தார். ரீபவுண்ட் எடுத்தவர் உடனே திரும்பி ஓடத் தெரிந்தவராகவும் இருந்தால், டாலர் சமாளிக்க வேண்டிய பிரஸ் எத்தனை குறைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எட்னி இல்லாத குறையைப் பாதி தீர்த்துவைத்தது ஸீடெக்கின் தடுப்பாட்டம்தான் என்று நான் நம்புகிறேன். அவருக்கு அந்தப் பெருமை போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

ஆர்கன்சாவைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. அந்தத் தொடரில் அவர்கள் இறுதிக்கு வந்த வழியே பிரஸ் மனசை எப்படிக் கலைக்கிறது என்பதற்குச் சான்று. முதல் ஆட்டத்தில் டெக்சஸ் சதர்னிடம் 79-78 என்று தப்பினார்கள். அடுத்து சிரக்கியூஸ். கடைசி விநாடிகளில் சிரக்கியூஸ் ஒரு புள்ளி முன்னிலையில், பந்தும் கையில். அந்த நெருக்கடியில் அவர்களுடைய வீரர் ஒருவர் அணியிடம் டைம்-அவுட் மிச்சமில்லை என்பதை மறந்து டைம்-அவுட் கேட்டுவிட்டார். அது விதிமீறல், டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் ஆர்கன்சா 96-94 என்று ஜெயித்தது. முப்பத்தொன்பது நிமிடம் துரத்தப்பட்டவர் நாற்பதாவது நிமிடத்தில் எப்படி இருப்பார் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த வீரர்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, 2013 மார்ச்சில், இதே பாடம் இரண்டே நாளில் இரண்டு விதமாக நடந்தது. ஷாக்கா ஸ்மார்ட் பயிற்சி கொடுத்த விசியு (விர்ஜினியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) அணி, அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிக ஸ்டீல் எடுத்த, அதாவது அதிகம் பந்தைப் பறித்த அணி. அவர்களுடைய பிரஸ்ஸுக்கு 'ஹேவக்' என்று பெயர், நாசம் என்று அர்த்தம். முதல் ஆட்டத்தில் அக்ரனை 88-42 என்று நொறுக்கினார்கள். அக்ரனின் முதன்மை பாயின்ட் கார்டு அன்று அணியில் இல்லை. எட்னி இல்லாத யுசிஎல்ஏவுக்கும் இவர்களுக்கும் ஒரே நிலைமை, ஆனால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள ஓபானன் சகோதரர்கள் அக்ரனிடம் இல்லை.

அடுத்த ஆட்டம் மிச்சிகனுடன். பந்தை மிகக் குறைவாக இழக்கும் அணிகளில் ஒன்று மிச்சிகன், டிரே பர்க் என்ற அருமையான பாயின்ட் கார்டு. ஆனால் அன்றைய கதாநாயகன் பர்க் இல்லை, 6 அடி 10 அங்குல முதலாண்டு மாணவர் மிட்ச் மெக்கேரி. 21 புள்ளி, 14 ரீபவுண்ட். அவருடைய ஷாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் வளையத்தின் பக்கத்தில். விசியு முன்னால் டிராப் வைக்க ஆளை அனுப்பிய ஒவ்வொரு முறையும் பின்னால் ஆள் குறைந்தது, அங்கே மெக்கேரி இருந்தார். 78-53. விசியு 53 புள்ளிதான் எடுத்தது என்பதையும் கவனியுங்கள். கூடையில் பந்து விழவில்லை, அதனால் பிரஸ்ஸை நிறுத்தும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போனது. இரண்டு நாள் முன்பு 88 எடுத்தபோது ஒவ்வொரு கூடையும் அடுத்த பிரஸ்ஸுக்கு வழி திறந்துவிட்டது. இப்போது அதே சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

இவ்வளவு சொன்ன பிறகு நார்தர்ன் அயோவா அணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்ல மனசும் வரவில்லை. 2016 மார்ச் 20, ஒக்லஹோமா சிட்டி. இரண்டு நாள் முன்புதான் டெக்சஸ் அணியைப் பாதி மைதானத்திலிருந்து எறிந்த கடைசி விநாடி ஷாட்டில் 75-72 என்று ஜெயித்திருந்தார்கள். போட்டி வரிசையில் 11-ஆம் இடம் கொடுக்கப்பட்ட அணி, 3-ஆம் இடத்து டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராக, 44 விநாடி மிச்சமிருக்கும்போது 69-57 என்று முன்னிலை. பன்னிரண்டு புள்ளி. இடைவேளைக்கோ பத்து நிமிடத்துக்கோ அல்ல, முக்கால் நிமிடத்துக்கு.

ஏ அண்ட் எம் முழு மைதானத்திலும் பிரஸ் போட்டது. அரை நிமிடத்துச் சொச்சத்தில் நார்தர்ன் அயோவா நான்கு முறை பந்தை இழந்தது. 10 விநாடி விதியோ பாதிக்கோடோ அங்கே பிரச்சினையே இல்லை, அந்த நான்கு முறையும் அவ்வளவு தூரம் பந்து போகவே இல்லை. உள்ளே வீசும் இடத்திலேயே, தங்கள் முனையின் மூலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். பந்து வாங்க வந்தவர்கள் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிவந்து வாங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் கோடு, முன்னால் இரண்டு பேர், நடுவில் கைகொடுக்க யாரும் இல்லை. பிரஸ்ஸில் பந்தை இழப்பதிலேயே மிகக் கொடுமையானது இந்த இடம்தான். எதிராளி பந்தைப் போட வேண்டிய கூடை அங்கேயே இருக்கிறது. பறித்த கையோடு போட்டுவிடலாம், ஷாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த 44 விநாடியில் ஒரே ஒரு முறை பந்து நீளமாகப் பிரஸ்ஸுக்கு மேலே பறந்து போனது. அந்தப் பக்கம் தனியாக நின்றவர் எகிறிப் பந்தை வளையத்துக்குள் நேராக அழுத்தி டங்க் அடித்தார். நார்தர்ன் அயோவா எடுத்த இரண்டு புள்ளி அது மட்டும்தான். அதைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் வழி அங்கேயே இருந்தது. ஐந்து பேரும் முன்னால் வந்து நெருக்குகிறார்கள் என்றால் பின்னால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். கடைசி நிமிடத்தில், 12 புள்ளி முன்னிலையில், வேறு எந்த ஷாட்டும் தேவையில்லை. ஆளில்லாத லே-அப் கிடைத்தால் போடு, இல்லையென்றால் பந்தை அணைத்துக்கொண்டு ஃபவுல் வாங்கு. ஃப்ரீ த்ரோ பாதி விழுந்தால்கூடப் போதும். இந்த முடிவு முன்னாலேயே எடுக்கப்பட்டு ஐந்து பேரின் உடம்பிலும் ஊறியிருக்க வேண்டும். பதற்றம் வந்த பிறகு புதிதாக முடிவெடுக்க மனித மூளைக்கு 5 விநாடி போதாது.

ஏ அண்ட் எம் 14 புள்ளி எடுத்து 71-71 ஆனது. அமெரிக்கக் கல்லூரி முதல் டிவிஷன் ஆண்கள் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அதற்கு முன் மூடப்பட்டதில்லை.

நார்தர்ன் அயோவா அதோடு இடிந்து விழவில்லை. இரண்டு கூடுதல் நேரம், பத்து நிமிடம், தங்களைவிட உயர்ந்த வரிசையில் இருந்த அணியோடு மல்லுக்கட்டினார்கள். முடிவு 92-88. அவர்களுடைய ஜெரமி மார்கன் மட்டும் அன்று 36 புள்ளி எடுத்திருந்தார்.